டேங்க்குக்கும் மூச்சு முட்டும்!

கேம்பஸ் கராஜ்

இந்த வாரம் ஒரு விடுகதையோட ஆரம்பிக்கலாமா?

நூறு ரூபாய்க்கு பெட்ரோல் போட்டா சமத்தா ஓடுது. ஃபுல் டேங்க் போட்டா நடுரோட்டுல நிக்குது. பத்து நிமிஷம் ஓரங்கட்டினா எதுவுமே நடக்காத மாதிரி திரும்ப ஸ்டார்ட் ஆகுது. அது என்ன வண்டி?

'வசதி வந்தா ஒத்துக்காத வண்டி'னு சிரிக்காதீங்க பாஸ். அது எங்க வீட்டு வண்டி. 2007 மாடல், 100 சிசி, கார்ப்ரேட்டர் வெச்ச அப்பாவோட பைக். இந்த விடுகதைக்கு விடை தெரியாம நான் வாங்கின பல்பு கொஞ்ச நஞ்சமில்ல. எனக்கு ஒரு லேப் அரியர். அப்பாவுக்கு 2,200 ரூபாய் தண்டம். கடைசியில பார்த்தா கோளாறுக்கு ஆன செலவு... பூஜ்யம்!

எங்க ஊர் கீழப்பழுவூர். திருச்சி - சிதம்பரம் ரோடும், அரியலூர் - தஞ்சாவூர் ரோடும் வெட்டிக்கிற இடம். 'பொன்னியின் செல்வன்' படிச்சவங்களுக்கு பழுவேட்டரையர் ஊர்னு சொன்னா டக்குனு புரியும். எங்களுக்கு இது லாரி ஊர். சுத்தி சிமென்ட் ஃபேக்டரி, சுண்ணாம்புக்கல் சுரங்கம். ரோட்டோர வேப்பமரம் கூட பவுடர் பூசின மாதிரிதான் நிக்கும். இந்தப் புழுதியை மறந்துடாதீங்க. கதையில இதுக்கு முக்கியமான ரோல் இருக்கு!

நடந்தது இதுதான். போன செமஸ்டர், காலையில ஒன்பதரைக்கு திருச்சியில தெர்மல் லேப் பிராக்டிகல். பஸ்ஸை நம்ப வேண்டாம்னு முந்தின நாள் சாயங்காலமே அப்பா பைக்ல ஃபுல் டேங்க் பெட்ரோல் போட்டு வெச்சாச்சு. வாழ்க்கையில முதல் தடவையா பரீட்சைக்கு பிளான் பண்ணினது அன்னிக்குத்தான். மேலப்பழுவூரைத் தாண்டினதும் வண்டி 'ம்ம்ம்...'னு இழுத்துச்சு. ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்க வேகம் குறையுது. ரிசர்வ் போட்டேன், ம்ஹூம். நின்னே போச்சு. கிக்கரை உதைச்சு உதைச்சு கால் வலி. பத்து நிமிஷம் கழிச்சு உதைச்சா ஸ்டார்ட்! ரெண்டு கிலோமீட்டர் போய் திரும்ப அவுட். திரும்பப் பத்து நிமிஷம். கல்லக்குடி போய்ச் சேர்றதுக்குள்ளயே லேப்ல அட்டெண்டன்ஸ் எடுத்து முடிச்சுட்டாங்க.

அரியரை விட பயமா இருந்தது அடுத்து நடந்தது. திரும்பி வரும்போது எங்க ஊர் நாலு ரோட்டுல, சரியா ரோட்டைக் கடக்கிற நேரம் பார்த்து வண்டி உயிரை விட்டுச்சு. எதிர்ல லோடு ஏத்தின லாரி. டிரைவர் அண்ணன் பிரேக் அடிச்ச சத்தம் இப்பவும் காதுல இருக்கு. அவர் திட்டினது எதுவும் தப்பில்ல. 'வண்டி மக்கர் பண்ணுது'னு நாம சாதாரணமா சொல்றோம். எங்க மக்கர் பண்ணுதுங்கிறதைப் பொறுத்து அதோட விலை மாறும்.

2,200 ரூபாய் பாடம்

ஷெட்ல கொண்டுபோய் விட்டேன். 'பெட்ரோல் வரலண்ணே, ஓடிட்டே இருக்கும்போது நின்னுடுது'னு சொன்னேன். மெக்கானிக் அண்ணன் கார்ப்ரேட்டரைக் கழட்டி, துடைச்சு, வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்து, 'உள்ளே தேஞ்சு போச்சு தம்பி, மாத்திடலாம்'னார். கார்ப்ரேட்டர், கேஸ்கெட், லேபர் எல்லாம் சேர்த்து 2,200. அப்பா எதுவும் கேக்காம எடுத்துக் கொடுத்தார். அது என் எக்ஸாம் ஃபீஸுக்கு வெச்சிருந்த பணம்னு அப்புறம்தான் அம்மா சொன்னாங்க.

புது கார்ப்ரேட்டர் போட்டு ஒரு வாரம் வண்டி பக்கா. பத்தாவது நாள், அதே ஃபுல் டேங்க், அதே மூச்சிரைப்பு, அதே பத்து நிமிஷ தவம். 'காயில் போயிருக்கும், அதையும் மாத்திப் பார்க்கலாம்'னு அடுத்த அணுகுண்டு வந்து விழுந்துச்சு. 'பேசாம எடைக்குப் போட்டுடலாமாடா?'னு அப்பா கேட்டார். பதினெட்டு வருஷமா என்னையும் தங்கச்சியையும் ஸ்கூல்ல இறக்கிவிட்ட வண்டி அது. பதில் சொல்லத் தெரியாம வண்டியை உருட்டிக்கிட்டு பக்கத்துல இருந்த பங்க்குக்குப் போனேன். பெட்ரோல் தீர்ந்திருக்குமோன்னு கடைசியா ஒரு நப்பாசை!

மூடியில சாவியைத் திருப்பித் திறந்தேன். 'புஸ்ஸ்ஸ்...'

பெட்ரோல் போடுற அக்கா சிரிச்சாங்க. 'என்ன தம்பி, டேங்க் பெருமூச்சு விடுது? மூடியில காத்து போற ஓட்டை அடைச்சிருக்கும், பாரு.'

அவ்ளோதான். கேஸ் க்ளோஸ்! மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படிக்கிற நான் மூணு வாரமா கண்டுபிடிக்காததை அந்த அக்கா மூணு செகண்ட்ல சொல்லிட்டாங்க.

என்னதான் நடந்துச்சு?

பழைய கார்ப்ரேட்டர் பைக்ல பெட்ரோல் பம்ப் கிடையாது. டேங்க் மேலே, கார்ப்ரேட்டர் கீழே. பெட்ரோல் தன் எடையில தானா இறங்கி வரணும். இறங்கின அளவுக்கு டேங்க்குக்குள்ள வெளிக்காத்து நுழையணும். வழி இல்லைன்னா உள்ளே வெற்றிடம் உருவாகி பெட்ரோலை மேலேயே பிடிச்சு வெச்சுக்கும். ஸ்ட்ராவில் ஜூஸை உறிஞ்சி, மேல்முனையை விரலால் மூடித் தூக்கிப் பாருங்க. ஜூஸ் கீழே விழாது. அதே மேட்டர்தான்.

சரி, ஃபுல் டேங்க் போட்டா மட்டும் ஏன்? இங்கதான் நம்ம பிளஸ் டூ பாயில் விதி வேலைக்கு வருது. டேங்க்குக்கும் கார்ப்ரேட்டருக்கும் உயர வித்தியாசம் 25 சென்டிமீட்டர்னு வெச்சுக்கோங்க. அந்தப் பெட்ரோல் கொடுக்கிற அழுத்தம், காற்றழுத்தத்துல வெறும் 2 சதவீதம்தான். அதாவது, டேங்க்குக்குள்ள அழுத்தம் 2 சதவீதம் குறைஞ்சாலே பெட்ரோல் இறங்குறது நின்னுடும்.

ஃபுல் டேங்க்ல மேலே அரை லிட்டர் காத்துதான் இருக்குன்னா, அதுல 2 சதவீதம் வெறும் 10 மில்லி. லிட்டருக்கு 60 கிலோமீட்டர் ஓடுற வண்டிக்கு அது 600 மீட்டர்! கார்ப்ரேட்டர் கிண்ணத்துல மிச்சம் இருக்கிற பெட்ரோல்ல இன்னும் கொஞ்ச தூரம் போகும். அவ்ளோதான். இதுவே நூறு ரூபாய் பெட்ரோல் போட்ட 10 லிட்டர் டேங்க்ல 9 லிட்டர் காத்து இருக்கும். அதுல 2 சதவீதம்னா 180 மில்லி, கிட்டத்தட்ட 11 கிலோமீட்டர். அப்பா தினமும் போயிட்டு வர்ற தூரம் அதுக்கும் கம்மி. பெட்ரோல் போட தினம் மூடியைத் திறக்கும்போது காத்தும் உள்ளே போயிடும். அதனாலதான் அவர் கையில வண்டி ஒருநாளும் நிக்கல!

நிஜத்துல பெட்ரோல் ஆவி, மூடி இடுக்கு வழியா கசியுற காத்து எல்லாம் சேர்ந்து இந்தக் கணக்கைக் கொஞ்சம் மாத்தும். பத்து நிமிஷம் நின்னா திரும்ப ஸ்டார்ட் ஆகுற ரகசியமும் அதுதான். மெதுவா கசிஞ்சு உள்ளே போற காத்துக்கு அந்த அவகாசம் போதும்.

ஓட்டை எப்படி அடைச்சதுன்னு கேக்குறீங்களா? சாவி டைட்டா இருக்குன்னு அப்பா பூட்டுக்குள்ள அப்பப்போ ரெண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விடுவார். மேலே எங்க ஊர் சுண்ணாம்புப் புழுதி. ரெண்டும் சேர்ந்து அருமையான புட்டி. அரியலூர் பக்கம் முழுக்க பல கோடி வருஷத்துக்கு முன்னாடி கடலா இருந்ததால்தான் இங்க இவ்வளவு சுண்ணாம்புக்கல். டைனோசர் காலத்துக் கடல் வந்து என் டேங்க்கை அடைச்சிருக்கு. யாரைக் கோவிச்சுக்க முடியும்?

மூடியைத் தனியா கழட்டி, பழைய டூத் பிரஷ்ஷால பெட்ரோல் தொட்டுத் தேய்ச்சு, சைக்கிள் பம்புல காத்து அடிச்சேன். வேலை முடிஞ்சது. ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. பல மூடிகள்ல காத்து உள்ளே போகும், பெட்ரோல் வெளியே வராது. அப்படி ஒருவழிப் பாதையா வெச்சிருப்பாங்க. அதனால வெளிப்பக்கத்துல இருந்து உள்பக்கமா காத்து போகுதான்னுதான் பார்க்கணும். தலைகீழா ஊதிட்டு 'அடைச்சிருக்கு'னு புது மூடி வாங்கிடாதீங்க.

இடைவேளைக்கு அப்புறம் இன்னொரு வில்லன்

மூடி சரியாச்சு, வண்டி நிக்கல. ஆனா 50-ஐத் தாண்டினா மூச்சு முட்டுற மாதிரி ஒரு திணறல். இது முன்னாடி இல்லாத வியாதி. இந்தத் தடவை உஷாராயிட்டேன். 'புதுசா என்ன மாறுச்சு?'னு யோசிச்சா, கார்ப்ரேட்டர்தான். குனிஞ்சு டார்ச் அடிச்சுப் பார்த்தேன். கார்ப்ரேட்டர் பக்கவாட்டுல இருந்து வர்ற ஒரு சின்ன டியூப், ஃப்ரேமுக்கும் இன்ஜினுக்கும் நடுவுல மடங்கி நசுங்கிக் கிடந்துச்சு. மாட்டும்போது ஒழுங்கா விடாம விட்டிருக்காங்க. நிமிர்த்தி விட்டேன். ஸ்பீடோ முள் சல்லுனு ஏறுச்சு!

அது வென்ட் டியூப். கார்ப்ரேட்டர் கிண்ணத்துக்குள்ள பெட்ரோலுக்கு மேலே இருக்கிற இடம் வெளிக்காத்தோட தொடர்புல இருக்கணும். காத்துக் குழாய்ல வேகமா ஓடுற காத்து அழுத்தம் குறைஞ்சு பெட்ரோலை ஜெட் வழியா இழுக்குதுன்னு படிச்சிருக்கோம். இழுக்கிற பக்கம் அழுத்தம் குறைஞ்சா மட்டும் போதாது. கிண்ணத்துப் பக்கம் சாதாரண காற்றழுத்தம் இருந்து பின்னாடி இருந்து தள்ளணும். வென்ட் அடைச்சா அந்தத் தள்ளு போயிடும். பெட்ரோல் நிறைய தேவைப்படுற வேகத்துலதான் அது தெரியும்.

இனி உங்க வண்டிக்கு வருவோம்

2020 ஏப்ரல் 1-ல பிஎஸ்-6 விதி வந்ததுல இருந்து புது பைக்குகள் கிட்டத்தட்ட எல்லாமே ஃப்யூவல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிடுச்சு. ஆனா நம்ம காலேஜ் ஸ்டாண்டுல எட்டிப் பாருங்க. அப்பா கொடுத்தது, மாமா கொடுத்தது, செகண்ட் ஹேண்ட்ல பிடிச்சதுன்னு கார்ப்ரேட்டர் வண்டிங்க இன்னும் வரிசை கட்டி நிக்கும். அதுல தொங்குற டியூப் எல்லாம் என்னன்னு ஒரு ரவுண்டு பார்த்துடலாம். எல்லா டியூபும் எல்லா வண்டியிலயும் இருக்காது. உங்க வண்டியில இருக்கிறதை மட்டும் தேடுங்க.

ஓவர்ஃப்ளோ டியூப்: கார்ப்ரேட்டர் அடியில இருந்து கீழே தொங்கும். இதுல பெட்ரோல் சொட்டினா கிண்ணத்துல மிதவையோ, ஊசி வால்வோ ஒழுங்கா அடைக்கலைன்னு அர்த்தம். சிலர் இந்த டியூப் முனையில ஸ்க்ரூவைச் செருகி 'சொட்டுறது நின்னுடுச்சு'னு காலரைத் தூக்கி விடுவாங்க. தயவுசெஞ்சு வேண்டாம்! வெளியே போக வழியில்லாத பெட்ரோல் இன்ஜினுக்குள்ள இறங்கி ஆயிலைத் தண்ணியாக்கிடும். சூடான இன்ஜின் பக்கத்துல கசிஞ்சா தீப்பிடிக்கிற ஆபத்தும் இருக்கு. சொட்டினா முதல் வேலை பெட்ரோல் காக்கை மூடுறது.

வாக்குவம் டியூப்: கார்ப்ரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவுல இருக்கிற இன்டேக் குழாய்ல இருந்து கிளம்பும். இன்ஜின் உறிஞ்சுற வெற்றிடத்தை வெச்சு வேறொரு வேலையைச் செய்ய வைக்கிற ஜகஜ்ஜால டியூப். ஆக்டிவா மாதிரி கார்ப்ரேட்டர் ஸ்கூட்டர்ல பெட்ரோல் காக் தானா திறக்கிறது இதனாலதான். இன்ஜின் சுத்தினா வெற்றிடம் உள்ளே இருக்கிற ரப்பர் டயாஃப்ரத்தை இழுக்கும், பெட்ரோல் வரும். இன்ஜின் நின்னா காக் மூடிடும். இந்த டியூப் விரிசல் விட்டா ரெண்டு பிரச்னை. பெட்ரோல் ஒழுங்கா வராது. கூடவே, கணக்குல இல்லாத காத்து இன்ஜினுக்குள்ள போகும். ஐட்லிங்ல ரேஸ் ஏறி ஏறி இறங்கும், இன்ஜின் ஓவரா சூடாகும்.

டியூபைக் கழட்டினா உள்ளே பெட்ரோல் ஈரம் இருக்கா? அப்போ டயாஃப்ரம் கிழிஞ்சிருக்கு. அந்த வழியா பெட்ரோல் நேரா இன்ஜினுக்குப் போகுது. பிளக் கறுப்பா இருக்கும், மைலேஜ் பாதாளத்துக்குப் போயிருக்கும். டியூபை மாத்தி பிரயோஜனமில்ல, டயாஃப்ரத்தை மாத்தணும்.

ஏர் இன்ஜெக்‌ஷன் டியூப்: புகை விதிகள் இறுக இறுக, பல பைக்குகள்ல சைலன்சர் வழிக்கு கொஞ்சம் சுத்தக் காத்தை அனுப்பி, எரியாத பெட்ரோல் ஆவியை எரிக்கிற ஏற்பாடு வந்துச்சு. ஆக்சிலேட்டரை டக்குனு விடும்போது இந்தக் காத்தை நிறுத்தச் சொல்லி சிக்னல் கொடுக்கிறதும் ஒரு மெல்லிய வாக்குவம் டியூப்தான். அது கழண்டுட்டா, ஆக்சிலேட்டரை விட்டதும் சைலன்சர்ல 'பட் பட்'னு தீபாவளி. 'செம சவுண்டு மச்சி'னு பெருமைப்படாதீங்க!

பிரீதர் டியூப்: இன்ஜின் கிராங்க் கேஸ்ல இருந்து ஏர் ஃபில்டர் பாக்ஸுக்குப் போகிற தடிமனான டியூப். பிஸ்டன் மேலேயும் கீழேயும் போகும்போது அடியில இருக்கிற காத்துக்கு வெளியே போக வழி வேணுமில்ல? இது அடைச்சா உள்ளே அழுத்தம் ஏறி ஆயில் சீல் வழியா ஆயில் கசியும். சீலை மாத்துவீங்க, திரும்பக் கசியும். ஏர் பாக்ஸ் அடியில, முனை மூடின ஒரு குட்டி டியூப் இருக்கும். அதுல சேர்ற ஆயில், தண்ணியை சர்வீஸ் அப்போ வடிச்சு விடணும். மழைக்காலத்துல இன்னும் அடிக்கடி.

கேனிஸ்டர் டியூப்: 2017 ஏப்ரல் 1-ல பிஎஸ்-4 வந்தப்போ, முந்தின ரெண்டு நாள் பிஎஸ்-3 வண்டிகளைத் தள்ளுபடியில அள்ளிட்டுப் போனாங்களே, ஞாபகம் இருக்கா? அதுக்கு அப்புறம் வந்த வண்டிகள்ல டேங்க் ஆவியைப் பிடிச்சு வைக்கிற கரி டப்பா ஒண்ணு வந்துச்சு. டேங்க் வென்ட் டியூப் அதுக்குள்ளதான் போகும். கழுத்து வரைக்கும் பெட்ரோல் ஊத்தினா ஆவிக்குப் பதில் பெட்ரோலே அங்க போய், கரி நனைஞ்சு வழி அடைச்சிடும். அதனால பங்க்ல 'இன்னும் கொஞ்சம் ஊத்துங்க'னு அடம்பிடிக்காதீங்க.

பேட்டரி டியூப்: தண்ணி ஊத்துற பழைய பேட்டரியில பக்கவாட்டுல ஒரு டியூப் இருக்கும். அமில ஆவி வெளியே போற வழி. அது செயினுக்கும் ஃப்ரேமுக்கும் நேரா விழுற மாதிரி தொங்கினா ரெண்டையும் அரிச்சுடும். மடங்கி அடைச்சா பேட்டரியே வீங்கும். சீல் பண்ணின மெயின்டெனன்ஸ் ஃப்ரீ பேட்டரியா? உங்களுக்கு இந்தக் கவலை இல்ல.

எல்லாருக்கும் பொதுவான எதிரிகள் மூணு பேர்: எலி, வெயில், குளவி. எலி கடிக்கும். வெயில் ரப்பரை வெடிக்க வைக்கும். செமஸ்டர் லீவுல ஒரு மாசம் நிக்கிற வண்டியில, தொங்குற டியூப் ஓட்டையைப் பார்த்தா குளவி மண்ணு கொண்டுவந்து வாடகை இல்லாம வீடு கட்டிடும். லீவு முடிஞ்சு வந்து கிக்கரை உதைக்கிறதுக்கு முன்னாடி டியூப் முனைகளை ஒரு பார்வை பாருங்க.

முப்பது ரூபாய் டூல் கிட்

வாக்குவம் கேஜ் எல்லாம் வேண்டாம். மெடிக்கல் ஷாப்ல ஊசி இல்லாத 20 மில்லி சிரிஞ்ச் ஒண்ணு, ஒரு சாண் ரப்பர் டியூப், சோப்புத் தண்ணி ஊத்தின ஸ்பிரே பாட்டில். போதும்.

ஒண்ணு, வாக்குவம் டியூபைக் கழட்டி ஒரு முனையை விரலால மூடி, மறுமுனையில சிரிஞ்சை மாட்டி இழுங்க. இழுத்துப் பிடிச்ச பிஸ்டனை விட்டதும் பழைய இடத்துக்கே சட்டுனு ஓடினா டியூப் ஓகே. அப்படியே நின்னுட்டா எங்கயோ காத்து கசியுது. டயாஃப்ரத்தையும் இதே மாதிரி டெஸ்ட் பண்ணலாம்.

ரெண்டு, இன்ஜினை ஐட்லிங்ல விட்டு, கார்ப்ரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவுல இருக்கிற ரப்பர் ஜாயின்ட், டியூப் முனைகள் மேல சோப்புத் தண்ணியை லேசா அடிங்க. இன்ஜின் சத்தம் மாறினா கசிவு அங்கதான். இதுக்கு பெட்ரோலோ, கார்ப்ரேட்டர் கிளீனரோ அடிக்கிற வீரர்களும் இருக்காங்க. சூடான இன்ஜின் மேல அது தீக்குச்சி உரசுற மாதிரி. வேண்டாம்.

மூணு, டேங்க் மூடி டெஸ்ட். வண்டி நின்ன அடுத்த நொடி மூடியைத் திறங்க. 'புஸ்'னு சத்தம் வந்து, உடனே ஸ்டார்ட் ஆனா கல்ப்ரிட் மாட்டிக்கிச்சு!

கைவைக்கிறதுக்கு முன்னாடி: இன்ஜின் ஆறட்டும். காக்கை மூடுங்க. திறந்தவெளியில செய்யுங்க, ஹாஸ்டல் ரூம் வேண்டவே வேண்டாம். சிகரெட் பார்ட்டிகளைத் தள்ளி நிறுத்துங்க. பெட்ரோல் டியூபை வாயால உறிஞ்சாதீங்க, நுரையீரலுக்குள்ள போனா உயிருக்கே ஆபத்து. ஒவ்வொரு டியூபையும் கழட்டும் முன்னாடி மொபைல்ல ஒரு போட்டோ. ஒரு சமயத்துல ஒரே ஒரு டியூப். ரெண்டைக் கழட்டி இடம் மாத்தி மாட்டினா அடுத்த வார காலம் உங்களைப் பத்திதான்!

டியூப் வாங்கப் போறீங்களா?

மீன் தொட்டி டியூப், டிரிப்ஸ் டியூப் எதுவும் வேண்டாம். பெட்ரோல் பட்டா கொஞ்ச நாள்ல மஞ்சளாகி, விறைச்சு, முனையில இருந்து நழுவிடும். வாக்குவம் டியூபுக்கு சுவர் தடிமனா இருக்கணும். மெல்லிசா இருந்தா உறிஞ்சும்போது தட்டையா ஒட்டிக்கும். வெளியே இருந்து பார்த்தா நல்லாத்தான் தெரியும், உள்ளே வழி இருக்காது. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில பழைய டியூபைக் காட்டி அதே துளை அளவு கேளுங்க. கிளிப் போட மறக்காதீங்க.

இன்னொரு காரணமும் இருக்கு. இப்போ பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் வரைக்கும் எத்தனால் இருக்கு. பழைய வண்டிகளோட ரப்பர் பலதும் இந்தக் கலவையை மனசுல வெச்சு செஞ்சது கிடையாது. சில ரப்பர் ஊதும், சிலது விறைக்கும். எத்தனால் தண்ணியையும் இழுக்கும், அதனால மாசக்கணக்குல நிக்கிற வண்டி டேங்க்ல கவனம் தேவை. பத்து வருஷத்துக்கு மேல ஆன டியூபை விரலால மடக்கிப் பாருங்க. விரிசல் தெரிஞ்சா மாத்திடுங்க.

அறிகுறி சொல்லும் ஆரூடம்

* ஃபுல் டேங்க்ல நிக்குது, கொஞ்ச நேரம் விட்டா ஓடுது: டேங்க் மூடி வென்ட்
* வேகத்துல மட்டும் திணறல்: கார்ப்ரேட்டர் வென்ட் டியூப்
* ஐட்லிங் ஏறி இறங்குது: வாக்குவம் டியூப், இன்டேக் ரப்பர்
* ஆக்சிலேட்டரை விட்டா 'பட் பட்': ஏர் இன்ஜெக்‌ஷன் வாக்குவம் டியூப்
* மைலேஜ் சரிவு, கறுப்பு பிளக், வாக்குவம் டியூப்ல பெட்ரோல்: காக் டயாஃப்ரம்
* சீல் மாத்தியும் ஆயில் கசிவு: பிரீதர் டியூப்

இதையெல்லாம் பார்த்தும் சரியாகலையா? அப்போ தாராளமா கார்ப்ரேட்டரைச் சந்தேகப்படுங்க.

கடைசியா ஒண்ணு. அந்த மெக்கானிக் அண்ணன் மேல எனக்குக் கோபம் இல்ல. நான் அவர்கிட்ட என்ன சொன்னேன்? 'பெட்ரோல் வரல.' அது நானா எடுத்த முடிவு. பத்து நிமிஷம் நின்னா திரும்ப ஓடுதுன்னு சொல்லல. ஃபுல் டேங்க் போட்ட நாள்லதான் நிக்குதுன்னு சொல்லல. சொல்லியிருந்தா அவரே மூடியைத் திறந்து பார்த்திருப்பார். டாக்டர்கிட்ட போய் 'எனக்கு டைஃபாய்டு'னு சொல்ல மாட்டோம், 'மூணு நாளா சாயங்காலம் ஆனா காய்ச்சல்'னுதான் சொல்வோம். வண்டிக்கும் அதேதான். எப்போ நிக்குது, எவ்வளவு தூரம் ஓடினா நிக்குது, நிக்கிறதுக்கு முன்னாடி என்ன மாறுச்சு... இந்த மூணையும் ஒரு துண்டுச் சீட்டுல எழுதிட்டு ஷெட்டுக்குப் போங்க. பாதி ரிப்பேர் அதுலயே முடிஞ்சிடும்.

கழட்டின பழைய கார்ப்ரேட்டர் எங்க வீட்டுப் பரண்ல பத்திரமா இருக்கு. அதுல ஒரு கோளாறும் கிடையாது. அரியரை வர்ற செமஸ்டர்ல ஜூனியர்ஸ் கூட உக்காந்து எழுதப் போறேன். வண்டியை எடைக்குப் போடுற பேச்சை அப்பா அப்புறம் எடுக்கல. ஆனா போன ஞாயித்துக்கிழமை வாசல்ல அவர் பூட்டுக்கு எண்ணெய் விடப் போனப்போ, ஓடிப்போய் கையைப் பிடிச்சேன். 'சாவித் துவாரத்துக்குப் பென்சில் தூள் போதும்ப்பா'னேன். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துட்டு, 'இன்ஜினீயர் சொன்னா சரிதான்'னார்.

2,200 ரூபாய்க்கு அதுவே பெரிய சர்ட்டிஃபிகேட் பாஸ்!

இந்த ஞாயிறு உங்க வண்டி மூடியைத் திறந்து, அது பெருமூச்சு விடுதான்னு கேட்டுப் பாருங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.